ஐந்து பேர் என்று எழுதிய கடதாசி

என் மாமி, அதாவது என் கணவரின் தாயார், வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் ஒருநாளும் சரியான தொகையைச் சொன்னதில்லை. ஒன்றைக் குறைத்துத்தான் சொல்வார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் என் கணவர், நடுவில் கனடாவில் இருக்கும் மகள், கடைசியாக ஒரு மகன். கேட்டால் "ரெண்டு" என்பார். விடுபடுவது எப்போதும் அந்தக் கடைசி மகன்தான்.

காரணத்தை எனக்கு ஒரே ஒரு முறை சொன்னார். இளவயதில் தலைநகரில், கொட்டாஞ்சேனையில் குடியிருந்தபோது, பொதுக் குழாயடியில் தண்ணீருக்கு நின்ற ஒரு பெண் கேட்டாளாம், உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று. மாமி இடுப்பில் இருந்த குழந்தையையும் சேர்த்து "நாலு" என்று சிரித்துக்கொண்டு சொன்னாராம். அந்த மாதம் முடிவதற்குள் இடுப்பில் இருந்த குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. "என்ர வாயாலதான் குடுத்தனான்" என்றார். அதற்குப் பிறகு ஆட்களை எண்ணுவதே அந்த வீட்டில் இல்லை. சாப்பிட இருப்பவர்களைக்கூட விரல் நீட்டி எண்ண விடமாட்டார். கண்ணூறு பட்டுவிடும் என்று பயம்.

மாமா துறைமுகத்தில் வேலை செய்து, இளவயதிலேயே இறந்துவிட்டார். அவரை நான் படத்தில்தான் பார்த்தேன். மூன்று பிள்ளைகளையும் மாமி சோற்றுப் பார்சல் கட்டியே வளர்த்தார். தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொட்டாஞ்சேனை வீடு எரிந்தபோது, உடுத்த சேலையோடு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அகதி முகாமுக்கு ஓடினார். பிறகு வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், மேல்மாடியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் எடுத்து, வந்த கிழமையே அடுப்பை மூட்டிவிட்டார். ஒழுங்கையில் அறை எடுத்துத் தங்கியிருந்த உத்தியோகப் பிள்ளைகள் மத்தியானத்துக்கு அவருடைய சோறுதான் கொண்டுபோவார்கள்.

அந்தப் பார்சல்களையும் அவர் எண்ணிக் கட்டியதில்லை. லஞ்சீட் என்ற பொலித்தீன் தாளை விரித்துச் சோற்றைப் போடும்போது ஒவ்வொரு முகத்தையும் சொல்லிக்கொண்டு போடுவார். "இது பாங்குப் பிள்ளைக்கு. இது கண்ணாடிக்காரனுக்கு, மீன் வேண்டாம். இது புதுசாக் கலியாணம் கட்டினவனுக்கு, பாவம், பெண்சாதி ஊரில." அப்படிச் சொல்லி முடியும்போது சோறும் முடிந்திருக்கும். ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள், ஆனாலும் எனக்கு எண்ணத் தெரியும். எண்ணிப் பார்த்து நான் போட்டால் பிழைக்கும். அவர் முகம் பார்த்துப் போட்டால் பிழைக்காது.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு கிராமத்தில் இருந்து கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தேன். ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. இப்போதும் அப்படித்தான். கடையில், டொக்டரிடம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், எங்கேயும் எனக்காக மாமிதான் கதைத்தார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்த பிறகும் நான் மாமியின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். அவர் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. அவர் கதைக்கக் கதைக்க, எனக்குக் கதைக்க வேண்டிய தேவையே வரவில்லை. அது பெரிய சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

போர் கடுமையாக இருந்த ஒரு வருடம், மாமியின் கடைசி மகன் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து சேர்ந்தார். அவரை நான் தம்பி என்று கூப்பிடுவேன். படிப்புக்காகச் சின்ன வயதிலேயே சித்தப்பா வீட்டில் விடப்பட்டவர். இருபத்திரண்டு வயது. வெளியேறும் அனுமதியான பாஸ் எடுத்து, வவுனியாவில் நாட்கணக்கில் கிடந்து, மெலிந்து கறுத்து வந்து நின்றார். கனடாவில் இருந்து அக்கா கூப்பிடும்வரை எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. மாமி அவரை வீதிக்கு இறங்க விடவில்லை. யன்னலுக்குக் கிட்ட நின்றாலே "உள்ளுக்கு வா ராசா" என்பார். பத்து வருடத்துச் சோற்றையும் ஒரு மாதத்தில் ஊட்டிவிடலாம் என்பது போல நடந்துகொண்டார். தம்பி என்னிடம் வந்து, "அண்ணி, அம்மா என்னைக் கோழி மாதிரி அடைச்சு வளக்கிறா. எப்ப அறுக்கப் போறாவோ தெரியேல்லை" என்று சிரிப்பார்.

அவர் வந்து மூன்றாம் கிழமை, நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. தமிழர்கள் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று புதிதாகப் பதிந்து கொடுக்க வேண்டும் என்று பொலிஸில் இருந்து படிவம் வந்தது. படிவம் சிங்களத்தில். என் கணவர் காலையில் வேலைக்குப் போகும்போது, "எல்லாற்ற பேரையும் போடுங்கோ அம்மா, தம்பியின்ரயையும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மாமி தலையாட்டினார்.

ஒழுங்கை முகப்பில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் இருந்தார். எல்லோரும் அவரை நானா என்பார்கள். சிங்களம் எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்தான் அந்தக் கிழமை முழுவதும் படிவம் நிரப்பிக் கொடுத்தார். நாங்கள் போனபோது கடையில் எட்டுப் பத்து ஆண்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் மாமிக்குப் பின்னால் நின்றேன்.

"ஊட்டுல எத்தின பேரு அம்மா?" என்றார் நானா.

"அஞ்சு பேர்" என்றார் மாமி.

அது அவராக யோசித்துச் சொன்னது இல்லை. கேள்வி வந்ததும் வாய் சொல்லிவிட்டது. நானா ஒவ்வொரு பேராகக் கேட்டு எழுதினார். மாமி, என் கணவர், நான், என் இரண்டு பிள்ளைகள். என் பெயர் வந்தபோது நானா பேனையை நிறுத்தினார்.

"மருமகப்புள்ள ஒங்கட பின்னுக்கே ஒளிஞ்சி நிக்கிறாவே. அவட பேர அவவே சொல்லட்டுமே."

"அவளுக்கு வாய் இல்லை நானா. எனக்கு ரெண்டு இருக்கு. ஒண்டு அவளுக்காக வைச்சிருக்கிறன்."

நின்ற ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் காது சுட்டது. குனிந்து படிவத்தைப் பார்த்தேன். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, ஆனால் வரிகளை எண்ணத் தெரியும். ஐந்து வரி நிறைந்திருந்தது. ஆறாவது வரி வெறுமையாக இருந்தது. நானா அந்த வெறுமையான இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். மாமி பெருவிரலை மையில் தோய்த்தார்.

"மாமி, தம்பி" என்று இரண்டு சொல் சொன்னால் போதும். ஒரு ஆள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். மாமி விரலை அமத்திவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமி வேகமாக நடந்தார். அவருக்கும் அப்போதே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்தும், அந்த மகனின் பெயர் பொலிஸ் கடதாசியில் இல்லாமல் இருப்பது நல்லதுதான் என்று மனதுக்குள் ஒரு சமாதானம் செய்திருப்பார். அவரைப் பொறுத்தவரையில் பொலிஸும் குழாயடியில் நின்ற பெண்ணும் ஒன்றுதான். எண்ணிக் கேட்பவர்கள்.

பின்னேரம் கணவர் வந்து, "கடதாசி குடுத்தாச்சோ? எல்லாம் சரியோ?" என்றார்.

"ஓம், சரி" என்றார் மாமி, சட்டியைப் பார்த்துக்கொண்டு.

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தாயைப் பற்றி மகனிடம் கோள் சொல்லும் மருமகள் ஆகிவிடுவேனே என்று நினைத்தேன். எனக்காகக் கதைத்த மனுசியைக் காட்டிக்கொடுப்பதா என்றும் நினைத்தேன். நாளைக்குச் சொல்வோம் என்று படுத்தேன். அப்படி எட்டு நாள் படுத்தேன்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை ஒழுங்கையை அடைத்து எல்லா வீடுகளையும் சோதித்தார்கள். எங்கள் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டபோது மாமி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். ஒரு பொலிஸ் அதிகாரியும் நாலு பேரும் உள்ளே வந்தார்கள். அதிகாரியின் கையில் எங்கள் படிவத்தின் பிரதி இருந்தது. எங்களை வரிசையாக நிற்கச் சொல்லி, பேனையை ஒவ்வொருவர் நெஞ்சுக்கும் நேரே நீட்டிச் சிங்களத்தில் எண்ணினார்.

"எக்கய், தெக்கய், துனய், ஹதரய், பஹய்."

பேனை தம்பிக்கு நேரே வந்தது.

"ஹயய்." ஆறு.

எண்ணும்போதே மாமியின் முகம் சுருங்கிப் போயிற்று. அதிகாரி கடதாசியைப் பார்த்தார். திரும்பவும் எண்ணினார். இது யார் என்று கேட்டார்.

"மகே புத்தா மாத்தயா. பொடி புத்தா" என்றார் மாமி. என் மகன் ஐயா, சின்ன மகன்.

"புத்தா நங், நம கோ?"

மகன் என்றால் பெயர் எங்கே? வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரனோடு அரை மணித்தியாலம் சிங்களத்தில் சண்டை பிடிக்கக்கூடிய மனுசி, கையில் மாவோடு நின்றார். தம்பியின் முழங்கையில் சைக்கிளால் விழுந்த ஒரு பழைய தழும்பு இருந்தது. சண்டையில் பட்ட காயமோ என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் கதைத்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லிக் கொண்டுபோனார்கள். தம்பி வெறுங்காலோடு போனார். மாமி செருப்பை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் ஒழுங்கை முகப்புவரை ஓடினார். ஒரு பொலிஸ்காரன் கையை நீட்டி அதை வாங்கினானாம். அந்த ஒன்றைத்தான் அன்று முழுவதும் திருப்பித் திருப்பிச் சொன்னார். "செருப்பை வாங்கினவன். நல்லவன் போல. குடுத்திருப்பான்."

அவர்கள் அனுப்பவில்லை. மூன்று நாள் பொலிஸ் நிலைய வாசலில் மாமி இருந்தார். நாலாம் நாள் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அவசரகாலச் சட்டம் என்றார்கள். தம்பியிடம் ஒரு குற்றமும் இல்லை, ஆனால் ஒரு கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. தாயே மகனின் பெயரைப் பொலிஸுக்கு மறைத்தது ஏன்?

இரண்டு கிழமைக்கு ஒரு முறை பார்க்க விடுவார்கள். மாமி விடியமுன் எழும்பிச் சமைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். கல்கிசையும் இரத்மலானையும் கடந்து பஸ் போய்க்கொண்டே இருக்கும். இறங்கியபின் நிழலே இல்லாத தார் வீதியில் வாசல் திறக்கும்வரை நிற்க வேண்டும். வாசலில் ஒவ்வொரு முறையும் ஒரு கொப்பியில் எழுதுவார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர். அந்த இடத்தில் மாமி கத்துவார்.

"ஆறு பேர்! எழுதுங்கோ மாத்தயா, ஹய தெனெக்! ஆறு!"

எழுதுகிறவன் ஏன் இந்தக் கிழவி கத்துகிறாள் என்று நிமிர்ந்து பார்ப்பான்.

உள்ளே கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி நிற்பார். பத்து நிமிடம். முதல் தடவை அவர் வலது காதைத் திருப்பித் திருப்பிக் காட்டிக் கேட்டார். இடது காது கேட்கவில்லை என்று நாங்களாக விளங்கிக்கொண்டோம். மாமி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டியோ? செருப்புத் தந்தவங்களோ?" என்று மட்டும் கேட்டார். தம்பி, "ஓம் அம்மா, தந்தவங்கள்" என்றார். வலையின் கீழ்ப் பக்கம் வழியாக நான் பார்த்தேன். வெறுங்கால்.

வீட்டில் மாமி எண்ணத் தொடங்கினார். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பயமாக இருந்தது. பார்சல் கட்டும்போது முகங்களைச் சொல்வதை விட்டுவிட்டார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணுவார். நடுவில் விட்டுவிட்டுத் திரும்ப முதலில் இருந்து எண்ணுவார். சோறு பிழைத்தது. ஒரு நாள் நாலு பேருக்குப் போதாமல் போயிற்று, இன்னொரு நாள் கால்வாசிப் பானை மிஞ்சியது. கண்ணாடிக்காரனுக்கு மீன் போய்ச் சேர்ந்தது. உத்தியோகப் பிள்ளைகள் கோபிக்கவில்லை, ஆனால் மெல்ல மெல்ல வேறு இடத்தில் வாங்கத் தொடங்கினார்கள். இருபது வருடமாக மூட்டிய அடுப்பு, மத்தியானத்துக்கு முன்பே ஆறியது.

நாலாம் மாதம் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். நல்ல மனுசன், ஆனால் அவசரக்காரர். மாமி ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். பெயர் எப்படி விடுபட்டது என்பதற்கு நம்பக்கூடிய காரணம் வேண்டும்.

"கண்ணூறு ஐயா" என்றார் மாமி. "ஆக்களின்ர தொகையை நான் சொல்லுறேல்லை. அதாலதான்."

"அம்மா, இதைக் கொண்டுபோய்க் குடுத்தால் என்னையும் சேத்து உள்ளுக்குப் போடுவாங்கள்."

"உண்மை அதுதானே?"

"உண்மையா இருக்கலாம். ஆனால் தாய் சொன்னால் மகனுக்காகச் சொல்லுறா எண்டுதான் எடுப்பாங்கள். நிரப்பினவர் ஆர்? கடைக்காரரோ? அவர் எழுத மறந்திட்டார் எண்டு போடுவமே. சின்னப் பிழை, முடிஞ்சுது."

மாமி எழும்பிவிட்டார். "அந்த மனுசன் சும்மா உதவி செய்தவர். அவரின்ர தலையில போட ஏலாது. அவருக்கும் பிள்ளையள் இருக்கு."

வழக்கறிஞர் நெற்றியைத் தடவினார். "சரி. நீங்கள் அஞ்சு எண்டு சொல்லேக்க பக்கத்தில வேற ஆரும் நிண்டவையோ? நீங்கள் பழக்கத்தில சொன்னது, மறைக்கச் சொல்லேல்லை எண்டு பாத்த ஒரு ஆள்? அப்பிடி ஒராள் சத்தியம் செய்தால் பெரிய உதவி."

நான் மாமிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். என் கணவர் பின்னால் நின்றார். மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். அந்தப் பார்வையில், நான் அந்த ஆறாவது வரியைப் பார்த்தது அவருக்குத் தெரியும் என்று எனக்கு விளங்கியது. அத்தனை மாதமும் தெரிந்திருந்தது.

"ஒருத்தரும் நிக்கேல்லை" என்றார் மாமி. "நான் தனியத்தான் போனனான்."

நான் நிலத்தைப் பார்த்தேன். பயம் விலகிய ஒரு நிம்மதி கூட எனக்கு வந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும். வந்தது.

வழக்கறிஞர் வேறு வழிகளில் முயன்று பார்ப்பதாகச் சொன்னார். முயன்றார். ஒன்றும் நகரவில்லை.

மாமிக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு, இருந்தது. முகாம் வாசலின் சுடுகிற தாரில் நின்று நின்று, வலது கால் பெருவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. எங்களுக்குக் காட்டவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த முறையும் வந்தார், அதற்கடுத்த முறையும் வந்தார். ஏழாம் மாதம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தபோதுதான் புண் மணத்தது. அன்றைக்குத் திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரல் கறுத்திருந்தது. கறுப்பு மேலே ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள்.

"எடுக்க விடமாட்டன்" என்றார் மாமி.

கணவர் கெஞ்சினார். "அம்மா, உயிருக்கு ஆபத்தெண்டு சொல்லுறாங்கள்."

"ஒற்றைக் காலோட நான் எப்பிடிடா பஸ் ஏறுறது? அவனை ஆர் பாக்கப் போறது? அவன் வரட்டும். வந்த அண்டைக்கே வெட்டட்டும். ரெண்டையும் வெட்டட்டும்."

டொக்டர் இரண்டு முறை வந்து சொன்னார். மாமி சம்மதக் கடதாசியில் கைரேகை வைக்க மறுத்தார். தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பதுதான் எங்கள் வழக்கம். அதையும் மாமி சொல்லத் தொடங்கினார். காய்ச்சலில், வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், தாதிமாரிடமும்கூட. "என்ர சின்னவன்தான் வைக்க வேணும். வேற ஆரும் வைச்சால் எனக்கு வேகாது."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்தபின், கணவரிடம் சொன்னேன். கடையில் நான் நின்றது, வரிகளை எண்ணியது, அந்த எட்டு நாள், வழக்கறிஞரின் கதிரை எல்லாம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா" என்றார். வழக்கறிஞர் வீட்டு வாசலில் நின்று, கலியாணம் முடித்து வந்து முதல் தடவையாக, ஒரு அந்நிய ஆணின் முகத்தைப் பார்த்து நான் முழுதாகக் கதைத்தேன். அவர் கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இதை மூண்டு மாதத்துக்கு முன்னம் சொல்லியிருந்தால்" என்று தொடங்கினார். பிறகு கடதாசியும் பேனையும் எடுத்தார்.

அடுத்த நாள் சமாதான நீதவான் ஒருவர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தேன். என் கையெழுத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து. பிறகு பொலிஸுக்குக் கூப்பிட்டு ஒரு முழு நாள் இருத்தி விசாரித்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். நானாவும் தானாகவே வந்து, "அந்தம்மா அஞ்சிண்டுதான் செல்லிச்சி, இந்தப் புள்ளயும் பின்னுக்கு நிண்டிச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஆஸ்பத்திரியில் மாமியிடம் போய்ச் சொன்னேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். கட்டிலில் இருந்து எழும்பப் பார்த்தார்.

"நீ ஏன் போனனீ? விசரி! உன்னையும் பிடிச்சு அடைச்சிருந்தால் அந்தப் பெட்டைக் குஞ்சுகளை ஆர் பாக்கிறது? நான் அதுக்குத்தானே ஒருத்தரும் நிக்கேல்லை எண்டனான்!"

"மாமி, நான் அண்டைக்கே கடையில சொல்லியிருக்க வேணும்."

"உன்ர வாய் அது. நான்தான் உனக்குக் குடுக்காமல் வைச்சிருந்தனான்." பிறகு களைத்துப்போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தால், "எப்ப விடுவாங்களாம்?" என்று கேட்டார்.

"கெதியா விடுவினமாம் மாமி."

"எத்தினை நாள்?"

எனக்குத் தெரியவில்லை. "பத்து நாள்" என்றேன். அது பொய். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் நான் போனவுடன் விரலை மடித்துக் காட்டுவார். எட்டு, ஏழு, ஆறு என்று குறைந்துகொண்டு வந்தது. கால் முழங்காலுக்கு மேலும் கறுத்தது. இனி வெட்டியும் பயன் இல்லை என்று டொக்டர் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பத்தாம் நாள் மாமிக்கு நினைவு இல்லை. பதினோராம் நாள் காலை, நான் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது.

தம்பியைச் செத்த வீட்டுக்குக் கொண்டுவர வழக்கறிஞர் மனுக் கொடுத்தார். காலி வீதியில் செத்தவர்களை வைக்கும் ஒரு மலர்ச்சாலையில் மாமியை வைத்துக்கொண்டு மூன்று நாள் பார்த்திருந்தோம். ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் கணவர் எழும்பி வாசலுக்குப் போவார். பார்சல் வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். கண்ணாடிக்காரன் சுவரோடு சாய்ந்து நின்று சத்தமாக அழுதான். நாலாம் நாள் இனி வைத்திருக்க ஏலாது என்றார்கள். மனுவுக்குப் பதில் வரவில்லை. மூத்த மகன் கொள்ளி வைத்தார். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, அதனால் நான் பார்க்கவில்லை. திரும்பி வந்து அவர் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வெகு நேரம் வெளியே வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

தம்பியை விட்டது அதற்குப் பிறகு இருபத்திரண்டாம் நாள். நான் கொடுத்த சத்தியக் கடதாசியும் நானாவின் வாக்கும்தான் விட வைத்தன என்று வழக்கறிஞர் சொன்னார். முன்பே அறிவிக்கவில்லை. மத்தியானம் கதவு தட்டியது, திறந்தேன், நின்றார். தாடி. கையில் ஒரு பொலித்தீன் பை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா எங்க அண்ணி?" என்றார்.

கணவர் வேலையில். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். சொல்வதற்கு என்னைத் தவிர யாரும் இல்லை. சொன்னேன். அவர் கேட்கிற காதைத் திருப்பி, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இன்னொரு முறை சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் முகத்துவாரத்தில் சாம்பலைக் கரைக்கும்போது, கணவர் குடத்தைத் தம்பியின் கையில் கொடுத்து விலகி நின்றார். அன்று திரும்பி வந்த பிறகு, குசினியில் வைத்து, நான் அவருக்குக் கடையில் நடந்ததை முதலில் இருந்து சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அவர் வாசற்படியில் சாய்ந்து, குறுக்கிடாமல் கேட்டார்.

"ஏன் அண்ணி அண்டைக்கே சொல்லேல்லை?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். ஆண்கள் நின்றார்கள், வெட்கமாக இருந்தது என்று எப்படிச் சொல்வது? அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

இரண்டு மாதத்தில் கனடாவுக்குப் போய்விட்டார். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது என்று படத்தில் பார்த்தேன். என் கணவர் இருந்தவரை அவரோடு கதைப்பார். இப்போது என் மகள்மாரோடு கதைப்பார். கடைசியில் போனை என்னிடம் கொடுப்பார்கள். "சுகமோ அண்ணி?" என்பார். "சுகம் தம்பி, நீங்கள்?" என்பேன். குசினியில் கேட்ட அந்தக் கேள்வியை அவர் பிறகு கேட்டதே இல்லை. நான் ஒவ்வொரு முறையும், இன்றைக்குக் கேட்பாரோ என்று போனைக் காதோடு அமத்திக்கொண்டு காத்திருப்பேன். பிறகு, "சரி, வைக்கிறன்" என்பார்.